நிமிராத முழங்கை

என்னுடைய பந்துவீச்சை என் அக்காவின் கணவர் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடித்துவைத்தார். அதற்குமுன் அது ஐந்து வருடம் நடந்திருந்தது.

நான் அப்போது யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். கிழமை நாள்களில் காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுப்பேன். சனிக்கிழமைகளில் பட்டணத்துக் கழகம் ஒன்றுக்கு வேகப்பந்து வீசுவேன். பந்து எங்கே குத்தும் என்பது எனக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகையால் எதிரே மட்டையுடன் நிற்பவருக்கும் தெரியாது. இதனால் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அத்தான் ஒரு கல்லூரியில் இலத்தீன் படிப்பித்தவர். சட்டம், இலக்கணம், விரதம் மூன்றிலும் ஒரே கண்டிப்பு. அந்த வருடம் அவர் கிரிக்கெற் நடுவர்களுக்கான சோதனை எழுதிச் சித்தியடைந்திருந்தார். முதன்முதலாக நடுவராக நின்ற ஆட்டத்திலேயே நான் பந்துவீச வந்தேன். முதல் பந்துக்கு “நோ போல்” என்றார். காலைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டேனாக்கும் என்று நினைத்து அடுத்த பந்துக்கு ஓர் அடி பின்னால் நின்றேன். மறுபடியும் “நோ போல்”. ஏழு பந்துக்கு ஏழு முறை சொன்னார். நோ போல் கணக்கில் சேராது என்பதால் ஓவர் தொடங்கின இடத்திலேயே நின்றது. கடைசியில் எங்கள் கப்ரன் வந்து, “உருட்டி விடு, பொழுது படப்போகுது” என்றார். நான் ஆறு பந்தையும் சின்னப் பிள்ளைக்கு உருட்டுவதுபோல நிலத்தில் உருட்டி அந்த ஓவரை முடித்தேன். பிறகு பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பாடு.

“என்ன அத்தான், என்னத்துக்கு நோ போல்?”

“நீ எறியுறாய். முழங்கை மடியுது.”

“எவ்வளவு காலமாய் மடியுது?”

“நான் உன்னைப் பார்க்கத் தொடங்கின நாளிலையிருந்து.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“இவ்வளவு நாளும் நான் அம்பயர் இல்லையே.”

அக்கா கீரைச் சட்டியோடு வந்தாள். “வீட்டிலை சோத்துக்குள்ளை கல்லுக் கிடந்தாலும் இவருக்குக் கண் தெரியாது. உன்ரை முழங்கை மட்டும் அறுபது அடி தள்ளி நிண்டு தெரிஞ்சிருக்கு” என்றாள். அத்தான் இன்னும் கொஞ்சம் கீரை கேட்டார். நானும் கேட்டேன். நல்ல கீரை.

அதன்பின் எந்தக் கழகமும் என்னைக் கேட்கவில்லை. எறிகிறவன் என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் ஒருவனுக்கு ஒட்டிவிட்டால், அது அவன் பிள்ளைகளின் சம்பந்தம்வரைக்கும் போகும். நான் சனிக்கிழமைகளில் நல்லூர்க் கோயிலுக்குச் சைக்கிளில் போய்க் கும்பிட்டுவிட்டு வரத் தொடங்கினேன். அம்மாவுக்கு அதில் திருப்தி.

இப்படி ஆறேழு மாதம் போனபின், ஓர் அமெரிக்கப் பாதிரியார் கச்சேரிக்கு ஒரு காணி விசயமாக வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கழுவி வைப்பதுபோலப் பேசுவார். உறுதியை வாங்கிக்கொண்டு, “எறிகிறவர் என்று விலக்கப்பட்டவர் நீர்தானா?” என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் பேனையை நிறுத்தினார்கள். நான் ஓம் என்றேன்.

“எங்கள் நாட்டில் ஒரு பந்தாட்டம் உண்டு. அதில் எறியத்தான் வேண்டும்” என்றார்.

அது பேஸ்போல். அவர் தம்முடைய மிஷன் பாடசாலையில் ஆண் ஆசிரியர்களைச் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தார். ஒருவர் எறிவார், எதிரணிக்காரர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலைகளைச் சுற்றி ஓடுவார். மூலைகளில் மண் நிரப்பிய சாக்கு வைத்திருந்தார்கள். முதல் மட்டையை ஒரு தச்சர் பழைய உலக்கையிலிருந்து வெட்டிக் கொடுத்திருந்தார். எறிகிறவனுக்கு அந்த ஆட்டத்தில் பிட்சர் என்று பெயர். நான் மூன்று வருடம் பிட்சராக இருந்தேன். குடாநாட்டில் வேறு பேஸ்போல் அணி இல்லாததால் நாங்கள் இரண்டாகப் பிரிந்து எங்களுக்குள்ளேயே ஆடினோம். தோற்றாலும் வென்றாலும் வீட்டில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் வருடம் ஒரு நாள் எறிந்தபோது தோளுக்குள் ஏதோ நழுவியது. முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கனமான வேலை கூடாது என்றார். நான் கிளாக்கர் என்றேன். அப்படியானால் பாதகமில்லை என்றார்.

தோள் போனதைப் பாதிரியாரிடம் சொன்னேன். மிஷன் பெண்கள் பாடசாலையின் அதிபரும் அமெரிக்கப் பெண்மணி; தம்முடைய ஆசிரியைகளுக்கும் இந்த ஆட்டத்தைப் பழக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். “எறிய முடியாதவர் கோச்சாக இருக்கலாம். எங்கள் நாட்டிலும் அப்படித்தான்” என்றார் பாதிரியார்.

எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். நான் கோச் ஆகிவிட்டேன் என்ற செய்தி ஊருக்குள் போனபோது, தம்பிக்குக் கோச்சியில் உத்தியோகம் என்றே போனது. இரண்டு கிழமையில் தென்மராட்சியிலிருந்து ஒரு தரகர் சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பனாரும் கூடவே வந்தார்.

“தம்பிக்கு எந்த ஸ்ரேசன்?” என்று கேட்டார்.

“ஸ்ரேசன் இல்லை. பொம்பிளையளுக்குப் பந்தெறியப் பழக்கிறன்.”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மரியாதையான மனிதர். பிறகு வரவில்லை.

பெண்கள் பாடசாலையில் எனக்காக ஏற்பாடுகள் நடந்திருந்தன. பயிற்சி முடியும்வரை வயதான தையல் ஆசிரியை ஒருவர் குடையோடு கதிரையில் இருப்பார். நான் எவருக்கும் பத்தடிக்குக் கிட்டப் போகக் கூடாது. என்னை எப்படி அழைப்பது என்பது பற்றிக் கூட்டம் கூடி, ‘மாஸ்ரர்’ என்று முடிவெடுத்திருந்தார்கள்.

முதல் நாள் பதினொரு ஆசிரியைகளையும் ஒரு சாக்கிலிருந்து மற்றச் சாக்குக்குப் பந்தை எறியச் சொன்னேன். பத்துப் பேர் சாமிக்குப் பூப் போடுவதுபோலப் போட்டார்கள். பதினோராவது ஆள் கணித ரீச்சர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எறிந்தார். பந்து அடுத்த சாக்கையும், அங்கே நின்றவரையும், மைதானத்தையும் தாண்டிப்போய்ப் பாடசாலை மணியில் அடித்தது. விடுதிப் பிள்ளைகள் தட்டுகளோடு சாப்பிட வந்துவிட்டார்கள்.

“எங்கை பழகினனீங்கள்?” என்று பத்தடி தள்ளி நின்று கேட்டேன்.

“மயிலிட்டி, மாஸ்ரர். அப்புவுக்கு வள்ளம் இருக்கு. கரையிலை நிண்டு வள்ளத்துக்குக் கயிறு எறியுறது நானும் தங்கச்சிமாரும்தான்.”

“கயிறு வேறை, பந்து வேறை.”

“ஓம். பந்து பாரமில்லை” என்றார்.

அவரைப் பிட்சர் ஆக்கினேன். பத்தடிக்கு அப்பாலிருந்து ஒருவருக்கு எறியப் பழக்குவது சுலபமில்லை. நானே எறிந்து காட்டலாம் என்றால் தோள் இல்லை. ஆகவே வாயால் சொன்னேன். கையை மெதுவாக ஆட்டிக் காட்டினேன். ரீச்சர் அதைக் கவனித்துப் பார்ப்பார். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “மாஸ்ரர், உங்கடை கை ஏன் முழுக்க நிமிருதில்லை?” என்று கேட்டார்.

ஒன்பது வயதில் துலாவிலிருந்து கிணற்றடியில் விழுந்து முழங்கை முறிந்தது. மட்டை வைத்துக் கட்டினார்கள், பொருந்தியது. அதற்குமேல் நான் யோசித்ததில்லை. என் கை அப்படித்தான் என்றேன்.

“கிரிக்கெற்றிலை எறியல் எண்டால் என்ன?”

“மடிஞ்ச கையைப் பந்து விடேக்கை நிமித்திறது.”

“நிமிராத கையை எப்பிடி நிமித்திறது?”

நான் கையை நீட்டிப் பார்த்தேன். ரீச்சர் அத்தோடு விடவில்லை. தையல் ஆசிரியையையும் என்னையும் வகுப்பறைக்குக் கூட்டிப்போய், கையைக் கரும்பலகையில் வைக்கச் சொன்னார். முடிந்த மட்டும் நீட்டச் சொன்னார். தையல் ஆசிரியை, துணியில் அளவு போடுவதுபோல, என் கையைச் சுற்றிச் சோக்கால் கோடு இழுத்தார். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரீச்சர் பலகையில் பாகைமானியை வைத்தார். மூன்று தரம் வரைவித்து மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் நேர்க்கோட்டுக்கு இருபத்தெட்டுப் பாகை குறைவு.

“இது எறியல் இல்லை. நீங்கள் பந்துதான் வீசியிருக்கிறியள்” என்றார்.

கரும்பலகையில் கிடந்த மூன்று கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “இந்தப் பலகையை அழிக்கவோ?” என்று கேட்டேன்.

படத்தை ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். என்னை எழும்பி நிற்கச் சொல்லிக் கையையும் பார்த்தார். சாப்பாடு ஆறியது.

“இதை நீ அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“எனக்குத் தெரியாது அத்தான்.”

“உன்ரை கை உனக்குத் தெரியாதோ?” என்றார். பிறகு, “அப்ப நான் குடுத்த ஏழும் பிழை” என்றார்.

அன்று பின்னேரமே கழகத்துக்குக் கடிதம் எழுதினார்: இன்ன ஆட்டத்தில் தாம் கொடுத்த ஏழு நோ போல்களையும் திரும்பப் பெறுவதாக. ஆட்டம் முடிந்து நான்கு வருடமாகிவிட்டபடியால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று செயலாளர் பதில் போட்டார். அத்தான் நடுவர் வெள்ளை அங்கியை மடித்து அக்காவிடம் கொடுத்து, இனி வேண்டாம் என்றுவிட்டார். நான் போய், ஒரு பிழைக்காக விட வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒண்டில்லை, ஏழு” என்றார்.

எனக்காக ஒருவர் இவ்வளவு வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், இருக்கவில்லை. கழகத்தார் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் போனேன். நான்காவது பந்தோடு தோள் நொந்து, மூச்சும் வாங்கியது. எனக்குச் சனிக்கிழமைகளில் பெண்கள் பாடசாலையில் வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். உண்மையில் அங்கே போகத்தான் மனமும் இருந்தது.

அடுத்த வருடம் ஆசிரியைகள் அணிக்கும் பாதிரியாரின் ஆண்கள் அணிக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். இரண்டு பாடசாலைகளும், பெற்றாரும், வேலிக்கு வெளியே மாட்டு வண்டிகளில் வந்தவர்களும் பார்க்க நின்றார்கள். நம்முடைய கனவான்கள் மென்மையாக ஆட வேண்டும் என்று பாதிரியார் தம் அணிக்குச் சொல்லியிருந்தார். முதல் மூன்று கனவான்களும் மட்டையில் பந்து படாமலே திரும்பிப் போனார்கள். அடுத்த மூவரும் அப்படியே. அதற்குப்பின் அவர்கள் மென்மையை விட்டுவிட்டு ஆடினார்கள். அப்போதும் பந்து பட்டது ஒன்றிரண்டு தரம்தான்.

ரீச்சர் சிரிக்காமல், கரையில் நின்று வள்ளத்துக்குக் கயிறு எறிகிறவர்போல எறிந்துகொண்டேயிருந்தார். என்னோடு மூன்று வருடம் ஆடிய பூகோள மாஸ்ரர் ஒருவர் வெளியேறி வந்து, “உந்தப் பிள்ளைக்கு என்ன பழக்கி வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டார். நான் ஒன்றும் பழக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஆசிரியைகள் மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். அதிபர் எல்லோருக்கும் பழரசம் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில், மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்க்கிற ஒருவர் தம் தாயாரோடு வந்திருந்தார். லீவில் ஊருக்குப் பெண் பார்க்க வந்தவர். ஆட்டம் விளங்கவில்லை என்றும், அந்தப் பெண் யார் என்றும் கேட்டாராம். இரண்டு மாதத்தில் மயிலிட்டியில் கலியாணம். நான் போனேன். மாப்பிள்ளை அமைதியான ஆள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப்பார்த்தேன்.

எங்கள் குடும்பமும் மயிலிட்டிக் கடற்கரைக் குடும்பங்களும் சாதி பார்த்து ஒரு பந்தியில் இருந்து சாப்பிடாத காலம் அது. அதனால் என் மனத்தில் இருந்ததை நான் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். கலியாணத்தில் சாப்பிட்டதைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது.

“உனக்கு மனவருத்தமோ?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“என்ன மனவருத்தம்?”

“நல்லா எறியுற ஆள் போகுது.”

“ஓம்.”

“வேறை ஒண்டும் இல்லையோ?”

“சோத்தைப் போடக்கா.”

அவள் போட்டாள். அன்று அளவுக்கு மிஞ்சிப் போட்டாள்.

பிட்சர் இல்லாமல் அணி ஒரு வருடம் இழுபட்டது. அதிபர் தம் நாட்டுக்குப் போனார், போர் வந்தது, மைதானத்தில் பாதியை உழுது மரவள்ளி நட்டார்கள். யப்பான்காரர் மலாயாவைப் பிடித்தபின் அங்கிருந்து கடிதங்கள் நின்றுபோயின. யாழ்ப்பாணத்தில் மலாயாவில் ஆளில்லாத வீடு குறைவு. வெள்ளிக்கிழமைகளில் நல்லூரில் அர்ச்சனைக்கு நிற்பவர்கள் மலாயாவில் உள்ளவர்களின் நட்சத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரீச்சரின் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. சாமி பேருக்கு என்று சொல்லி அர்ச்சனை செய்வித்தேன்.

போர் முடிந்து சில மாதங்களுக்குப் பின், கச்சேரி முகவரிக்கு எனக்கொரு கடிதம் வந்தது. கணித ரீச்சரின் எழுத்து. வரி கோணாத எழுத்து. குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று முதல் வரியில் எழுதியிருந்தார். மிகுதியை இரண்டு தரம் வாசித்தேன்.

அவர்கள் இருந்த ரயில்வே குவாட்டர்சுக்கு முன்னால் ஒரு புல்வெளி. யப்பான் சிப்பாய்கள் பின்னேரங்களில் அங்கே பேஸ்போல் ஆடுவார்களாம். ஸ்ரேசனுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஒருவர் ஓரத்தில் நின்று அவர்களைப் பழக்குவார். ஒரு நாள் பந்து ரீச்சர் வீட்டு வேலிக்குள் வந்து விழுந்தது. எடுக்கச் சிப்பாய் வீட்டுக்குள் வருவானே என்ற பயத்தில், ரீச்சர் பந்தை எடுத்து முற்றத்தில் நின்றபடியே திருப்பி எறிந்தார். அது புல்வெளியின் நடுவில் நின்றவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அந்த அதிகாரி கணவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கணவர் அலுவலகத்தில் கட்டாயத்தின்பேரில் கொஞ்சம் யப்பான் மொழி படித்திருந்தார். உன் மனைவிக்கு எறியப் பழக்கியது யார் என்று அதிகாரி கேட்டார். அந்நிய ஆண் என்று சொன்னால் என்ன நினைப்பாரோ, அமெரிக்கர் என்று சொன்னால் என்ன செய்வாரோ என்று பயந்து, அவளின் தமையன் என்று சொல்லிவிட்டார்.

“எனக்கு அண்ணன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்” என்று ரீச்சர் எழுதியிருந்தார். “ஆனால் சொன்ன பொய்யை மாற்ற முடியவில்லை. அந்த மனிதர் தம் நாட்டில் சம்பளத்துக்குப் பந்தெறிந்தவராம். தோள் போனபின் மற்றவர்களைப் பழக்குகிறவராக இருந்தாராம். பிறகு போருக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் தோளும் போய்விட்டது என்று இவர் சொன்னபோது, எந்தப் பக்கம், எங்கே நொந்தது என்றெல்லாம் விசாரித்தாராம். நீங்கள் நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள், ஆனால் பந்தை விடும்போது மணிக்கட்டை மடக்கச் சொல்லித்தரவில்லை, அது பெரிய குறை என்று உங்களுக்கு அறிவிக்கச் சொன்னார்.”

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: “அந்த மாதம் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்களில் அநேகர் திரும்பவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் இவருடைய பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை. அந்த அதிகாரி செய்ததா, தற்செயலா, தெரியாது. கேட்கப் பயமாயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போனார். அவருடைய மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை. அதிகாரியைப் பிறகு வேறெங்கோ மாற்றினார்கள். என்ன ஆனார் என்று தெரியாது.”

கச்சேரியில் அன்று நான் எடுத்த பிரதிகளில் நான்கைப் பிழையென்று திருப்பி அனுப்பினார்கள்.

பட்டியலைப் பற்றிய வரிகள்தான் முக்கியமானவை, எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் மனதில் நின்றது மணிக்கட்டுத்தான். கண்ணால் காணாத ஒரு மனிதர், பகை நாட்டுக்காரர், என் பயிற்சியில் குறை கண்டிருக்கிறார். பின் வளவில் பனையை நோக்கிப் பந்தை எறிந்து பார்த்தேன். மணிக்கட்டை மடக்கியும் எறிந்தேன், மடக்காமலும் எறிந்தேன். தோள் இரண்டு நாள் நொந்தது. அவர் சொன்னது சரி.

ஒரு வருடம் கழித்து அவர்கள் லீவில் வந்தார்கள். ரீச்சருக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் மெலிந்து, தலை நரைத்துப்போயிருந்தார். கச்சேரிக்கே வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, “மச்சான்” என்றார். ஐந்து வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். அவருக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. “பிள்ளைக்குக் காது குத்தோணும். தாய்மாமன் மடியிலை இருத்தித்தானே குத்திறது. நீங்கள் வரோணும்.”

“நான் எப்பிடி?”

“அப்ப ஆர்?” என்றார்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து பிள்ளைக்கு ஒரு பட்டுத்துணி எடுத்துத் தந்தாள். “மாமன் வெறுங்கையோடை போகக் கூடாது” என்றாள்.

மயிலிட்டியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து என்னைக் கிழக்குப் பார்க்க இருத்தினார்கள். பிள்ளையை மடியில் வைத்தார்கள். நல்ல பலமான பிள்ளை. நகை செய்கிற பத்தர் முதல் காதைக் குத்தியதும் வீறிட்டு அழுது, என் சுட்டுவிரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. விரல் நொந்ததால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ரீச்சர் பக்கத்தில் குனிந்து பிள்ளையின் தலையைப் பிடித்தார். “கையை ஆட்டாதேங்கோ மாஸ்ரர்” என்றார். பிறகு, சுற்றி நின்ற சொந்தக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஆட்டாதேங்கோ அண்ணை” என்றார்.

நான் ஆட்டாமல் வைத்திருந்தேன். பத்தர் மற்றக் காதையும் குத்தி முடித்தார். பிள்ளைக்குக் கற்கண்டு கொடுத்தார்கள்; எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டோம்.